முகத்துக்கு வந்த விதைநேர்த்தி மருந்து

போன தை மாதம் எங்கள் தோட்டத்தில் மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வழக்கமாக வெட்டுக்கு வரும் அம்மா ஒருவர் இரண்டு நாளாக வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர், வேலையைத் தொடாமல் வரப்பிலேயே நின்றார். "மகளுக்குக் கால் வீங்கிப் போச்சுங்க சார். காலையில எந்திரிச்சா மூஞ்சியெல்லாம் உப்பிக்குது. ஒண்ணுக்குப் போனா சோப்பு நுரையாட்டம் நுரைக்குதுங்களாம்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு 22 வயது. ஜவுளிக்கடையில் வேலை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனோம். சிறுநீரில் புரதம் கொட்டுகிறது என்றார் சிறுநீரக மருத்துவர். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை. கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது: "முகத்துக்கு என்னம்மா போடறே?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கைப்பையில் இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்து டவுனில் ஒரு அழகு நிலையத்தில் வாங்கியது. தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, உரிம எண் இல்லை. 'ஏழே நாளில் சிவப்பு' என்று மட்டும் இருந்தது. அடுத்து எடுத்த பரிசோதனையில் அவள் சிறுநீரில் பாதரசம் அதிகமாக இருப்பது தெரிந்தது.

விவசாயப் பத்திரிகையில் அழகு கிரீமைப் பற்றி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பாதரசம் நமக்குப் புதிதல்ல, நம் வயலில் பல ஆண்டுகள் குடியிருந்ததுதான். இன்னொரு காரணமும் இருக்கிறது. அது என் தவறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எப்படி வெளுக்க வைக்கிறது?

வாழைப்பூவை நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துப் போகும். அதனால்தான் வீட்டில் மோர் கலந்த தண்ணீரில் போட்டு வைக்கிறார்கள். கத்தரிக்காயும் அப்படித்தான். காயின் உள்ளே இருக்கும் ஒரு நொதி காற்றுப்பட்டவுடன் வேலையைத் தொடங்கிக் கறுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. அந்த நொதிக்குள் செம்பு அணுக்கள் உண்டு.

நம் தோலிலும் இதே வகையைச் சேர்ந்த ஒரு நொதி இருக்கிறது. பெயர் தைரோசினேஸ். அதுவும் செம்பை வைத்துத்தான் வேலை செய்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் என்ற நிறமி உருவாக அதுதான் முதல் படி. பாதரசம் உள்ளே போய், செம்பு இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நொதி முடங்குகிறது, மெலனின் குறைகிறது, தோல் வெளுக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதில் நன்மை என்று ஒன்று இருக்கிறதா? நியாயமாகப் பார்த்தால் வரவுப் பக்கத்தையும் எழுதத்தான் வேண்டும். பாதரசக் கிரீம் ஏமாற்று இல்லை, சொன்னதைச் செய்கிறது. மற்ற பொருள்கள் மாதக்கணக்கில் செய்வதை இது சில வாரங்களில் செய்துவிடும். கிருமியைக் கொல்வதால் பருவும் கொஞ்சம் அடங்கும், கிரீமும் கெடாது. விலையும் மலிவு. ஒரு காலத்தில் மருத்துவர்களே தோல் நோய்களுக்குப் பாதரசக் களிம்பு எழுதிக்கொடுத்தார்கள். நம் வயதுக்காரர்கள் எல்லோர் முழங்காலிலும் பூசிய சிவப்பு மருந்து மெர்குரோகுரோம், பெயரிலேயே மெர்குரி இருக்கிறது.

ஆனால் அந்த வரவு நிலைக்காது. பூசுகிறவரைக்கும்தான் வெளுப்பு. நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும், சிலருக்கு முன்பைவிடக் கறுக்கும். வருடக்கணக்கில் பூசினால் பாதரசம் தோலிலேயே படிந்து சாம்பல் நிறம் தட்டிவிடும். இன்னொன்று, மெலனின் என்பது அழுக்கு இல்லை. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து காக்க உடம்பே பிடித்துக்கொள்ளும் குடை அது. நாள் முழுக்க வெயிலில் நிற்கிற சனம் நாம். நம் குடையை நாமே மடக்கிவிட்டு நிற்பதா?

ஒரே காலம், இரண்டு நாடுகள்

செலவுப் பக்கம் இனிமேல்தான். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு நாடுகளில் நடந்ததைச் சொல்கிறேன்.

1971ஆம் ஆண்டு ஈராக்கில் கடும் வறட்சி. அடுத்த பருவத்துக்காக அரசு வெளிநாட்டிலிருந்து விதைக் கோதுமையும் பார்லியும் இறக்குமதி செய்தது. பூஞ்சணம் தாக்காமலிருக்க அந்த விதை மெத்தில் மெர்க்குரி மருந்தில் நேர்த்தி செய்யப்பட்டிருந்தது. அடையாளத்துக்குச் சாயம் போட்டிருந்தார்கள். மூட்டைமேல் எச்சரிக்கையும் இருந்தது, ஆனால் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும். விதை பல ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது விதைப்பு முடிந்திருந்தது. வீட்டில் தானியம் இல்லை. குடியானவர்கள் விதையைக் கழுவினார்கள். சாயம் போனது, பாதரசம் போகவில்லை. அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். உடனே ஒன்றும் ஆகவில்லை. வாரங்கள் கழித்துத்தான் கைகால் மரத்தது, நடை தள்ளாடியது, பார்வை போனது. 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 459 பேர் அங்கேயே இறந்தார்கள் என்பது பதிவான கணக்கு.

1972இல் கென்யாவின் நைரோபியில் இருந்து ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. உடம்பு வீங்கி, சிறுநீரில் புரதம் போகும் நோயோடு வந்த 60 பேரை மருத்துவர்கள் விசாரித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் தணிந்தது.

விதைமேல் பூசியதும் முகத்தில் பூசியதும் ஒரே உலோகம். ஒன்று வாய் வழியாகப் போய் மூளையைத் தாக்கியது. மற்றது தோல் வழியாகப் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கியது. கிரீம்களில் பெரும்பாலும் இருப்பது கனிம வகைப் பாதரசம், அது முதலில் குறி வைப்பது சிறுநீரகத்தை. ஆனால் 2019இல் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் ஒரு பெண் பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, கடைசியில் நினைவிழந்த நிலைக்குப் போனார். அவர் பூசிய கிரீமைச் சோதித்தால் ஈராக் விதையில் இருந்த அதே கரிம வகைப் பாதரசம், 12,000 பிபிஎம்.

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம் இருந்தால் 1 பிபிஎம். 12,000 பிபிஎம் என்றால் ஒரு கிலோவில் 12 கிராம். 50 கிராம் டப்பா ஒன்றில் அரை கிராமுக்கு மேல் விஷம். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்கள் தவிர மற்றவற்றில் தெரியாமல் கலந்துவிட்ட பாதரசம்கூட 1 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது.

நம் கரணையில் இருந்தது

நான் வங்கியில் இருந்தபோது கரும்புக்குப் பயிர்க்கடன் கொடுத்திருக்கிறேன். சாகுபடிச் செலவுப் பட்டியலில் 'கரணை நேர்த்தி மருந்து' என்று ஒரு வரி இருக்கும். அது பாதரச மருந்து. கரணையை அந்தக் கரைசலில் முக்கி நட்டார்கள். தொட்டியில் வெறுங்கையை விட்டு அள்ளியவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்ன மருந்து, என்ன செய்யும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பில் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த மெத்தாக்ஸி எத்தில் மெர்க்குரி குளோரைடை மத்திய அரசு 2018ஆம் ஆண்டில்தான் தடை செய்தது.

கரணையை முக்கக்கூட ஆகாது என்று வயலைவிட்டு வெளியேற்றிய பொருளை, நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கி ராத்திரி முகத்தில் பூசிப் படுக்கிறார்கள். இதுதான் எனக்கு ஆறவில்லை.

கூப்பிடு தூரத்தில் மலப்புறம்

நைரோபி தூரம் என்று விட்டுவிட முடியாது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில், பொதுவாக அபூர்வமாகவே காணப்படும் ஒரு உட்பிரிவு 15 பேருக்கு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிரீமை நிறுத்தியதும் நோய் குறைந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பலருக்கும் சிறுநீரகம் தேறுகிறது. தாமதமானால் அந்த உறுதியை யாரும் கொடுக்க முடியாது.

பூசாதவருக்கும் உண்டு

பாதரசம் பூசினவர் முகத்தோடு நிற்பதில்லை. தலையணை உறை, துண்டு, கதவுப் பிடி என்று ஒட்டிக்கொண்டு வீடு முழுக்கப் போகும். ஆவியாகவும் கிளம்பும். அமெரிக்காவில் 2010இல் இப்படி ஒரு விசாரணை நடந்தபோது, கிரீமையே தொடாத வீட்டார் உடம்பிலும், சின்னக் குழந்தைகள் உடம்பிலும் பாதரசம் இருந்தது. அம்மா முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுகிற குழந்தை என்ன செய்யும்? கர்ப்பிணி பூசினால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் போகும்.

முகம் கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாக ஓடைக்கும் குளத்துக்கும் போகிறது. சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் மெர்க்குரியாக மாற்றுகின்றன. அது மீனில் ஏறி மறுபடி நம் தட்டுக்கு வருகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட கொடுமை, ஆலைக்கழிவில் இருந்த மெத்தில் மெர்க்குரி மீன் வழியாக மனிதரைச் சேர்ந்ததால் வந்தது. அந்த ஊர் பெயரில்தான் பாதரசத்துக்கு எதிரான உலக ஒப்பந்தம் 2013இல் உருவானது. 2018இல் இந்தியாவும் அதை ஏற்று உறுப்பு நாடானது. பாதரசம் சேர்த்த அழகுப்பொருள்களை 2025க்குள் முழுக்க நிறுத்துவது என்று உறுப்பு நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. ஒப்பந்தம் ஒரு பக்கம், அழகு நிலையத்து மேஜையில் டப்பா ஒரு பக்கம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ தெரியாது. ஆனால் சந்தேகப்படச் சில அடையாளங்கள் உண்டு.

தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் — இதில் எது இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதிப் பதிவு எண் வேண்டும்.

சேர்மானத்தில் மெர்குரி, மெர்குரியோ, கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்குரி என்று இருந்தால் பாதரசம்தான். பலர் அதைப் போடவே மாட்டார்கள். 'தங்கம், வெள்ளி, அலுமினியம் மேல் படக்கூடாது' என்று எழுதியிருந்தாலும் உஷாராகுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டி அதை வெளுக்க வைக்கும், தட்டாசாரியைக் கேட்டால் சொல்வார். கழுத்துச் செயினுக்கு ஆகாதது கழுத்துக்கு ஆகுமா?

'ஒரே வாரத்தில் வெளுக்கும்' என்று சொன்னால், அப்படி வெளுக்க வைப்பது எது என்று கேளுங்கள். ஒரே நாளில் புழு சாகும் என்று ஒரு டப்பாவை நீட்டினால் நாம் கேட்போமே, அந்தக் கேள்விதான்.

ஏற்கனவே பூசியவர்கள் உடனே நிறுத்த வேண்டும். கால், முகம் வீக்கம், நுரைத்த சிறுநீர், கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி, விரல் மரத்தல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். சிறுநீரில் புரதம் பார்க்கும் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். போகும்போது டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் பெண் விஷயத்தில் அந்த டப்பாதான் வழி காட்டியது.

டப்பாவைக் குப்பைக்குழியிலோ எருக்குழியிலோ வாய்க்காலிலோ போடக்கூடாது. எரிக்கவே கூடாது, ஆவியாகி மூச்சில் போகும். இறுக மூடி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, அபாயகரமான கழிவாக உள்ளாட்சியில் ஒப்படைக்க வேண்டும்.

மங்கும் கழுத்துக் கருமையும்

களை எடுக்கும் பெண்கள் பலருக்குக் கன்னத்தில் மங்கு விழுகிறது. அதற்கு வைத்தியம் தேடுவது தப்பில்லை. தோல் மருத்துவரைப் பார்க்கலாம். வெயில் படாமல் முக்காடு, அகன்ற விளிம்புத் தொப்பி, உச்சி வெயிலில் வேலையை நிறுத்துவது, இதெல்லாம் பாதி வைத்தியம். ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுப்பார். அதே சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிப் பூசினால் தோல் மெலிந்து, சிலருக்கு நீலம் பாரித்த கறுப்பாகிவிடும்.

பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரித் தடித்த கருமை வந்தால் கிரீமைத் தேடாதீர்கள், சர்க்கரையைச் சோதியுங்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அதை வெளுக்க வைப்பது, எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றுகிற வேலை.

என் கடையில் நடந்தது

இப்போது என் தவறு. மாதத்தில் இரண்டு ஞாயிறு இயற்கைச் சந்தையில் அரிசி, மஞ்சள்தூள், கடலை எண்ணெய் வைத்து விற்கிறேன். போன வருடம் தெரிந்த ஒருவர், "மூலிகை சிவப்பழகுக் கிரீமுங்க, நம்ம வீட்டுத் தயாரிப்பு, உங்க கடையில ஒரு ஓரமா வெச்சுக்கங்க" என்று கொடுத்தார். வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் பதினொரு டப்பா விற்றது. லேபிளில் '100% இயற்கை' என்று இருந்தது. உரிம எண் இல்லை. விற்பனைக்குச் செய்யும் எந்த அழகுப்பொருளுக்கும், வீட்டில் செய்யும் சோப்புக்கும்கூட, உரிமம் வேண்டும் என்று அப்போது எனக்கு நினைவே வரவில்லை. 34 வருடம் காகிதம் இல்லாமல் ஒரு ரூபாய் கடன் கொடுக்காத ஆள் நான்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டம்மா கேட்டார்: "ஏங்க, நீங்க வித்ததுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது. மறுநாள் மிச்சமிருந்த டப்பாவை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வாங்கியவர்களைத் தேடினேன். ஒன்பது பேரைப் பிடித்து, ரிசல்ட் வரும்வரை பூச வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு பேர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

ரிசல்ட் வந்தது. பாதரசம் இல்லை. ஆனால் அது என் சாமர்த்தியம் இல்லை. அடமானம் இல்லாமல் கொடுத்த கடன் திரும்பி வந்துவிட்டதால், கொடுத்தது சரி என்று ஆகிவிடாது. 'இயற்கை' என்ற சொல்லை நம்பித்தான் அந்தப் பதினொரு பேரும் வாங்கினார்கள். பாதரசமும் இயற்கைதான், சாதிலிங்கம் என்ற கல்லில் இருந்து எடுப்பது. எட்டிக்கொட்டையும் இயற்கைதான்.

நம் சந்தைக் கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்டேன். உரிமமும் சேர்மானப் பட்டியலும் இல்லாத கிரீமும் சோப்பும் நம் கடைகளில் வேண்டாம். உரிமம் இருந்தாலும் 'வெளுப்பு', 'சிவப்பழகு' என்ற வார்த்தை வேண்டாம். சந்தேகப்பட்ட பொருளைச் சோதிக்கச் சந்தை நிதியில் இருந்து கொடுக்கலாம். முதலும் மூன்றும் நிறைவேறின. இரண்டாவதுக்கு, "வியாபாரம் போயிரும் சார்" என்று சிலர் சொன்னார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை. கறுப்புக் கவுனியைக் கறுப்பு என்பதற்காகவே பெருமையாக விலை சொல்லி விற்கிற நாம், மனுசத் தோலுக்கு மட்டும் வேறு கணக்கு வைக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் புரதம் குறைந்து வருகிறது. மாத்திரை தொடர்கிறது, மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் போகிறாள். "நீங்களே இத எங்கயாச்சும் போட்டுருங்க சார்" என்று அவள் அம்மா என்னிடம் கொடுத்த டப்பா, ஊறுகாய் பாட்டிலுக்குள் மூடி என் கிட்டங்கியின் மேல்தட்டில் இருக்கிறது. பஞ்சாயத்தில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். வாங்கிக்கொள்ள இன்னும் ஆள் வரவில்லை.